மொட்டை மாடியில் வயது கேட்டார்கள்

லிப்ட் பழுது பார்க்கப் பெண் ஒருத்தி வந்து நின்றால், கட்டடக் காவலாளிகள் முதலில் அவள் முதுகுக்குப் பின்னால்தான் எட்டிப் பார்ப்பார்கள், மெக்கானிக் பின்னால் வருகிறாரோ என்று. இவளுக்கு அது பழகிப் போயிருந்தது. பையைத் தரையில் இறக்கிவிட்டு, "பின்னால யாரும் வரலண்ணே, நாந்தான். மோட்டார் ரூம் சாவியக் குடுங்க" என்பாள். அடுத்த முறை போனால் சாவி தயாராக இருக்கும். நகரத்தில் பாதிக் கட்டடங்களில் அவள் பெயர் யாருக்கும் தெரியாது. லிப்டக்கா என்றால் தெரியும்.

நாற்பதைத் தாண்டியவள். ஒல்லி. எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் கிரீஸ் வாடை போகாது. ஹெல்மெட்டைக் கழற்றினால் தலையில் ஒரு முடி கிடையாது. புருவமும் இல்லை, கண் இமையிலும் இல்லை. அதை அவள் மறைப்பதும் இல்லை, கடை விரிப்பதும் இல்லை. வெயிலுக்குத் துணி, வேலைக்கு ஹெல்மெட், வீட்டில் வெறும் தலை. புதிதாகப் பார்ப்பவர்கள் ஒரு கணம் திகைத்துவிட்டு, லிப்டுக்குள் மாடி எண் மாறுவதை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பிப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காசு அளவுக்கு ஒரு இடத்தில் உதிர்ந்தது. புழுவெட்டு என்றார்கள். வெங்காயம் தேய்த்தார்கள், எண்ணெய் மாற்றினார்கள், ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வைத்தியம் கூடக் கூட முடி குறைந்தது. ஒரு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது தலை சுத்தமாக இருந்தது. வகுப்பில் ஒருவன் அவளைப் பற்றிக் கரும்பலகையில் ஏதோ எழுதி வைத்தான். மேல் வகுப்பில் இருந்த அக்காவுக்குச் செய்தி போய், அவள் இறங்கி வந்தாள். எழுதியதை அழிக்கவில்லை. முதலில் அதிலிருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினாள். பிறகு டஸ்டரை எடுத்து அவன் முதுகில் வைத்தாள். அந்த அக்கா பின்னாளில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவளாகப் போய்ச் சேர்ந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அக்காவால் எல்லா இடத்துக்கும் டஸ்டரோடு வர முடியாது. இவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் மத்தியானம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், முடியில்லாத பெண் என்று தட்டிப் பார்த்தாள். எங்கோ வெளிநாட்டில் யாரோ நடத்திய ஒரு பக்கம் திறந்தது. அதில் ஆட்கள் எழுதி எழுதிப் பேசிக்கொண்டார்கள். ஆணோ பெண்ணோ தெரியாத ஒருவர், 'எனக்கும் அப்படித்தான், கண் இமை இல்லாததால் தூசி விழுகிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தார். உலகத்தில் இன்னொரு கண்ணிலும் தூசி விழுகிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அங்கே அவளை யார் நீ என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால்தான் அவளால் வாயைத் திறக்க முடிந்தது.

லிப்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, கணினி தெரிந்த ஒரு சக ஊழியரைப் பிடித்துக் கற்றுக்கொண்டு, அதே மாதிரி ஒன்றைத் தமிழில் தொடங்கினாள். மோட்டார் அறைகள் பெரும்பாலும் உச்சி மாடியில்தான் இருக்கும். வெளியே வந்து நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பெயர் தானாக வந்தது. மொட்டை மாடி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'இங்கே முழங்காலுக்கும் முடிச்சுப் போடலாம்' என்று எழுதினாள்.

மாடியில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. பூசணி, முழுநிலா, உருண்டைக்கல், பல்பு என்று தாங்களாகவே வைத்துக்கொண்டார்கள். முடி கொட்டுவது பெரும்பாலும் சின்ன வயதில்தான் ஆரம்பிக்கிறது என்பதால் வந்தவர்களில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஓட்டப் பந்தயத்தில் தலைத்துணி நழுவாமல் எப்படிக் கட்டுவது என்று கேட்பார்கள். நண்பனிடம் சொல்லலாமா என்று கேட்பார்கள். என்னைவிட அம்மாதான் அதிகமாக அழுகிறாள், அவளை எப்படித் தேற்றுவது என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு நிறையப் பேர் பதில் எழுதினார்கள், எல்லாருக்கும் அந்த அனுபவம் இருந்தது. மயிரைக் கட்டி மலையை இழுப்பது பற்றிய பழமொழியை யாராவது சொன்னால், நமக்கு மலையும் இல்லை, கட்டவும் வழியில்லை என்று பூசணி பதில் போடும்.

அவள் சில விதிகள் வைத்திருந்தாள். படம் போடக் கூடாது. ஒருவரோடு ஒருவர் தனியாகப் பேச வழி கிடையாது, எல்லாப் பேச்சும் எல்லார் முன்னாலும்தான். புதிதாக வருபவர் எழுதியதை அவள் படித்த பிறகே மற்றவர்கள் கண்ணில் படும். சாப்பாட்டு வேளையில், பேருந்தில், மோட்டார் குளிர்வதற்காகக் காத்திருக்கும்போது என்று கைப்பேசியில் படித்துக்கொண்டே இருப்பாள்.

கல்யாணமும் ஒரு லிப்டால்தான் நடந்தது. லிப்ட் பழுதான ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒருவர் சலூன் வைத்திருந்தார். வேலை முடிந்து அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்தபோது, அவர் கத்தரிக்கோலோடு வாசலில் நின்று தொழில்காரர் பார்வை பார்த்தார். மற்றவர்கள் மாதிரி கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. "நல்ல வடிவான தலைங்க. முடி இருந்திருந்தா யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்" என்றார். அடுத்த வருஷம் அவள் அந்தத் தலையோடு அவர் வீட்டுக்குப் போனாள். சலூன்காரருக்கு இப்படி ஒரு மனைவியா என்று சிரித்தவர்களிடம் அவர், நாள் முழுக்க முடியோடு மாரடிக்கிறவன் வீட்டுக்கு வந்தால் வேலை ஞாபகமே வரக் கூடாது என்பார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சட்டம் வரப் போகிறது என்று செய்தி வந்தது. இணையத்தில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் எந்த இடமானாலும், உள்ளே வருபவர் ஒவ்வொருவரின் வயதையும் சோதிக்க வேண்டும். பதினாறு நிரம்பாதவர்களை விடக் கூடாது. அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் முகத்தைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். மீறினால் அபராதம், அப்புறம் பூட்டு.

சலூனில் இதைப் பற்றி விடாமல் சண்டை நடந்தது. பிள்ளைகள் கைப்பேசியால் குட்டிச்சுவராகிறார்கள், சட்டம் எப்போதோ வந்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். இன்றைக்கு வயது கேட்பார்கள், நாளைக்கு என்ன படிக்கிறாய், யாரோடு பேசுகிறாய் என்று கேட்பார்கள், ஒரு தடவை கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது என்றார் இன்னொருவர். சலூன்காரர் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். அடுத்தவர் தலையைக் கையில் வைத்துக்கொண்டு கட்சி சேரக் கூடாது என்பது அவருடைய தொழில் தர்மம்.

அக்கா கட்சி சேர்ந்திருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது. அக்காவும் மகளும் இவள் குடியிருந்த அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே குடியிருந்தார்கள். அத்தானுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில். முந்தின வருஷம் அந்தப் பெண், பதினைந்து வயதுகூட ஆகாதவள், எல்லாரும் படம் போடும் பெரிய தளம் ஒன்றில் தன் வயதுப் பெண் என்று சொன்ன ஒருத்தியோடு சிநேகமானாள். அது பெண்ணும் இல்லை, அந்த வயதும் இல்லை. நைச்சியமாகப் பேசி ஒரு படத்தை வாங்கிக்கொண்டு, பிறகு அந்தப் படத்தை வைத்து மிரட்ட ஆரம்பித்தான். அவள் சாப்பிடாமல், பள்ளிக்குப் போகாமல், கதவைச் சாத்திக்கொண்டு கிடந்து, கடைசியில் அம்மாவிடம் சொன்னாள். போலீசுக்குப் போனார்கள். அந்தத் தளத்துக்கு அக்கா கடிதம் மேல் கடிதம் எழுதினாள். இப்போது பெண் தேறி வருகிறாள், பள்ளிக்கும் போகிறாள். ஆனால் அக்கா பெற்றோர் சங்கத்தில் சேர்ந்து, இந்தச் சட்டம் கேட்டு மனுப் போட்டவர்களில் முன்வரிசையில் நின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் சமையலறையில் இரண்டு பேரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது இவள் மெல்ல எடுத்தாள்.

"அக்கா, இந்தச் சட்டம் வந்தா மாடிய மூடணும்."

அக்கா தலையைத் தூக்கவில்லை. "மூடு."

"அங்க இருக்கறதெல்லாம் சின்னப் பிள்ளைங்கக்கா. அட்டை காட்டச் சொன்னா அப்பா அம்மாகிட்டக் கேக்கணும். பாதிப் பேர் வீட்ல சொல்லாம வர்றவங்க."

"அதத்தான்டி நானும் சொல்றேன். வீட்ல சொல்லாமத்தான் இவளும் பேசினா."

இவள் பட்டாணியை உரித்து முடித்துவிட்டுக் கீழே வந்தாள். அதற்குப் பிறகு அக்கா தங்கை பேச்சு நின்றது. ஒரே லிப்டில் போனாலும் இரண்டு பேரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

சட்டத்தைத் திட்டிக்கொண்டு மட்டும் இருந்தால் ஆகாது, ஒழுங்காகக் கட்டுப்பட்டு நடக்க வழி இருக்கிறதா என்று பார்ப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. முகத்தைப் பார்த்து வயது சொல்லும் மென்பொருளைச் சில நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்க ஒரு கம்பெனி கொடுத்தது. ஒரு மாலை சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து, தானே முதலில் உட்கார்ந்தாள். முகம் சரியாகத் தெரியவில்லை என்றது. ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, நீங்கள் பதினாறு வயதுக்கு உட்பட்டவர், பெற்றோரை அழைத்து வரவும் என்றது. புருவமும் முடியும் இல்லாத முகம் அதற்குக் குழந்தை முகமாகத் தெரிந்துவிட்டது. தான் கட்டிய மாடியில் தனக்கே இடமில்லை. சலூன்காரர் சிரித்த சிரிப்பில் டீ மேசையெல்லாம் கொட்டியது. பிறகு மீசையை நீவிக்கொண்டு அவர் உட்கார்ந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு என்றது. அதற்கு இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. மறுநாள் முழுக்க அவர் வாடிக்கையாளர் முகத்தைவிடத் தன் முகத்தைத்தான் கண்ணாடியில் அதிகம் பார்த்தார்.

அந்த மாலை அவர் கேமரா முன்னாலிருந்து எழுந்த நேரம் பார்த்து அக்கா மகள் பால் பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தாள். நடப்பதைப் பார்த்து அவளுக்கும் ஆசை. மேலே ஓடி அம்மாவின் படிக்கிற கண்ணாடியை எடுத்து வந்து மாட்டிக்கொண்டு, மைப் பென்சிலால் புருவத்தை அழுத்தி வரைந்துகொண்டு உட்கார்ந்தாள். இருபத்தாறு, உள்ளே வருக என்றது. மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

சிரித்து ஓய்ந்த பிறகு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அவள் கேட்டாள்.

"சித்தி, இப்ப எடுத்த படம் எங்க போகும்?"

யாருக்கும் தெரியவில்லை. பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

காலையில் முதல் வேலையாக இவள் அந்தக் கம்பெனிக்குத் தொலைபேசினாள். வயது கணித்ததும் படத்தைப் பொதுவாக அழித்துவிடுவோம் என்றது ஒரு குரல். பொதுவாக என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டாள். பொதுவாக என்றால் பொதுவாகத்தான் என்றது குரல். அந்த மென்பொருளை அன்றைக்கே எடுத்துவிட்டாள். ஆனால் மனசு ஆறவில்லை. முந்தின வருஷம் படத்தால் நடந்ததை நினைக்காமல் பெண்ணைக் கேமரா முன்னால் உட்கார வைத்தது யார்?

சாயங்காலம் அக்கா வந்தாள். வாசல்படியில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"அவ படத்த வச்சு எதுக்குடி சோதனை பண்ணின? ராத்திரி பூரா தூங்கல அவ."

"தப்புதான்கா. நான் யோசிச்சிருக்கணும்."

சண்டை பிடிக்க வந்தவளுக்கு இது எதிர்பாராத பதில். இவள் அந்தப் 'பொதுவாக' கதையைச் சொன்னாள். கிழவியைக் குமரியாகவும் குமரியைக் கிழவியாகவும் காட்டும் இந்த யந்திரத்தை நம்பியா எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தப் போகிறார்கள் என்றாள். அக்கா விட்டுக்கொடுக்கவில்லை.

"பூட்டு சரியில்லன்னா வேற பூட்டு வாங்கணும். கதவையே கழட்டிப் போட முடியுமா?"

சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் அன்றைக்கு லிப்டில் ஏறாமல் படியேறிப் போனாள். அக்கா யோசிக்கும்போது படியேறுவாள்.

சட்டத்தைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்க ஒரு குழு போட்டிருந்தார்கள். நகர மண்டபத்தில் கூட்டம். ஓய்வு பெற்ற நீதிபதி அம்மாள் ஒருவர் தலைமை. ஒலிபெருக்கி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஊளையிட்டது. லிப்டக்கா வேலை உடுப்போடேயே போயிருந்தாள், ஹெல்மெட் மடியில். அக்கா பெற்றோர் சங்கத்தோடு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மாடிப் பிள்ளைகள் குழுவுக்கென்று எழுதியதை அவள் அச்சடித்து எடுத்துப் போயிருந்தாள். எழுத்தர் புரட்டிப் பார்த்தார். பூசணி, முழுநிலா, உருண்டைக்கல். பெயரும் விலாசமும் இல்லாத மொட்டை மனுவை வாங்குவதில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விசாரித்தார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. எழுதினவங்க எல்லாருமே மொட்டைதான்."

விஷயம் புரிந்ததும் நீதிபதியும் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். விதி விதிதான், கோப்பில் சேர்க்க முடியாது என்றார். ஆனால் அவர்கள் சொன்னதை உங்கள் வாயால் சொல்வதை யாரும் தடுக்கவில்லை என்றார்.

சொன்னாள். எழுதி வைத்துக்கொண்டு பேசத் தெரியாது, நடந்ததைச் சொன்னாள். பிரவுசிங் சென்டரில் திறந்த அந்தப் பக்கத்தைப் பற்றி, அம்மாவைத் தேற்ற வழி கேட்ட பிள்ளையைப் பற்றி. பெயரைச் சொல் என்றால் அந்தப் பிள்ளை வாயைத் திறந்திருக்காது என்றாள்.

நீதிபதி கேட்டார். "பதிமூணு வயசுன்னு சொல்றவர் நிஜமாவே பதிமூணுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"யார் யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கறதாலதான் யாரையும் யாரோடயும் தனியாப் பேச விடறதில்ல. ஒருத்தர் வந்தார். முடி டாக்டர்னு சொன்னார். பொம்பளப் பிள்ளைங்க தலையப் படம் எடுத்து அனுப்புங்கன்னு ஒரு விலாசம் எழுதினார். அது என்னைத் தாண்டிப் போகல. அழிச்சிட்டு, போலீஸ்ல சொல்லிட்டு, எல்லாருக்கும் எச்சரிக்கையும் எழுதினேன்."

எதிர் வரிசையில் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்குத் தெரியாத சேதி.

நீதிபதி குறித்துக்கொண்டார். பிறகு, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார். வருவதையெல்லாம் படிப்பது யார்? நான்தான் என்றாள். லீவில் போனால்? போனதில்லை என்றாள். உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டால்?

அது உண்மையிலேயே அவள் யோசிக்காத இடம். நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால், அந்த முடி டாக்டர் மாதிரி ஒருவன் எழுதியதைப் படிக்க யார் இருக்கிறார்கள்?

"யோசிச்சுப் பாருங்க" என்றார் நீதிபதி. குரலில் ஏளனம் இல்லை. "இத்தனை பிள்ளைங்க ஒரே ஆள நம்பி நிக்கறது சரியில்ல. அந்த ஆள் எவ்வளவு நல்லவரா இருந்தாலும்."

அவள் காது சூடாக, போய் உட்கார்ந்தாள். அம்மாள் சொன்னதில் தப்பில்லை, அதுதான் உறுத்தியது.

அடுத்து அழைக்கப்பட்டது அக்கா. கையில் பிழையில்லாமல் எழுதிய உரை இருந்தது. ஒலிபெருக்கி முன்னால் வந்தவள் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை. பிறகு அவள் பேச்சு, சங்கத்தார் எதிர்பார்க்காத பக்கம் திரும்பியது. அந்தப் பெரிய தளத்துக்கு அந்தப் பெண்ணின் வயது தெரியாமல் இல்லை என்றாள். வயது தெரியும், தொலைபேசி எண் தெரியும், அவளுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்றுகூடத் தெரியும். எல்லாம் தெரிந்த இடத்தில் கேட்டால் பதில் சொல்ல ஒரு மனுஷர் இல்லை.

"நான் எழுதின அத்தனை கடிதத்துக்கும் ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு. அதுலயும் ரெண்டு எழுத்துப்பிழை."

சட்டம் வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன், நாளைக்கும் சொல்வேன் என்றாள். ஆனால் ஆளே இல்லாத இடத்தில் பூட்டைப் போடுங்கள், ஆள் உட்கார்ந்து படிக்கிற இடத்தில் அந்த ஆள் யார் என்று கேளுங்கள் என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"தங்கச்சி லீவுல போனா நான் படிக்கிறேன்."

எந்தத் தங்கை என்று நீதிபதி கேட்டார். அக்கா ஹெல்மெட் இருந்த மடியைக் கையால் காட்டினாள். மண்டபம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்தபோது இரண்டு பேரும் ஒரே பேருந்தில் ஏறினார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முடி டாக்டர் விஷயத்தை ஏன்டி என்கிட்ட சொல்லல என்று மட்டும் கேட்டாள். நீ அப்ப பிள்ளையோட பாடு பட்டுக்கிட்டு இருந்தக்கா என்றாள் இவள். இறங்கும் வரை அக்கா அவள் கையை விடவில்லை.

சட்டம் வரத்தான் செய்தது, சில மாதம் கழித்து. பெரிய தளங்களில் முகம் காட்டத்தான் வேண்டியிருக்கிறது. சலூன்காரர் பழைய பாட்டுக் கேட்கும் தளம் ஒன்று இன்னமும் அவரை ஐம்பத்தெட்டு என்றே நம்புகிறது. இதெல்லாம் தனி மனிதர் சுதந்திரத்தில் கை வைப்பது என்று சிலர் வழக்குப் போட்டிருக்கிறார்கள், அது நடந்துகொண்டிருக்கிறது. லிப்டக்காவுக்கும் மனசு முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் சட்டத்தில் ஒரு விலக்கு சேர்ந்தது. லாபத்துக்கு நடக்காத, படமும் தனிப் பேச்சும் இல்லாத சின்ன இடங்கள் யாரிடமும் அட்டை கேட்க வேண்டியதில்லை. பதிலாக, பொறுப்பான பெரியவர்கள் இருவர் தங்கள் சொந்தப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முகப்பில் போட வேண்டும்.

இது அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை. இத்தனை வருஷமும் அங்கே அவளும் பெயரில்லாமல்தான் இருந்தாள். பிள்ளைகளின் பெயர் வெளியே வராமல் இருக்க, தன் பெயர் வெளியே போக வேண்டும். ஒரு காலைப் பொழுது முழுக்க யோசித்துவிட்டு, முழுப் பெயரையும் எழுதினாள். கீழே அக்கா தன் பெயரை எழுதினாள், முதலெழுத்துக்குப் பின்னால் புள்ளி இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தாள்.

பெயர் போட்டதில் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. ஒரு கட்டடத்தின் மேலாளர், லிப்ட் தாமதம் என்று எப்போதும் அவளிடம் எரிந்து விழுகிறவர், ஒரு நாள் படியேறி மோட்டார் அறை வாசலுக்கே வந்து நின்றார். என்ன குறையோ என்று அவள் கருவியைக் கீழே வைத்தாள். என் மகன் சொன்னான், அந்தப் பேர் நீங்கதானா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் லிப்ட் தாமதம் பற்றிப் பேசுவதில்லை.

சட்டம் என்ன ஆகுமோ என்றிருந்த மாதங்களில் மாடியை விட்டுப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. பல்பு வரவே இல்லை. புதிய பெயர் ஏதாவது வந்தால், எழுத்து பல்பு எழுத்து மாதிரி இருக்கிறதா என்று அவள் பார்ப்பாள்.

மற்றபடி மாடி கலகலப்பாகவே இருக்கிறது. அக்கா பாதி வேலையை எடுத்துக்கொண்டாள். கூடவே கேட்காத ஒரு வேலையையும் எடுத்துக்கொண்டாள், பிள்ளைகள் எழுதுவதில் ஒற்றுப் போட ஆரம்பித்தாள். ஒரே வாரத்தில் அவளுக்குச் சந்திப்பிழை என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் கோபித்தாள். பிறகு அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட ஆரம்பித்தாள்.

போன வாரம் ஒரு மாலை அக்காவும் மகளும் கீழே வந்திருந்தார்கள். சலூன்காரர் அடுப்பில் சூப் வைத்துக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு பிள்ளை எழுதியிருந்தது. பள்ளியில் நீச்சல் வகுப்பு ஆரம்பிக்கிறார்களாம், தண்ணீரில் தொப்பி கழன்றுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தது. அக்கா மேசையில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினாள். தன்னம்பிக்கை, விடாமுயற்சி எல்லாம் அதில் இருந்தது. இவள் படித்துப் பார்த்து, இது பேச்சுப் போட்டிக்கு நல்லாருக்கும்கா என்றாள். இவள் வேறு மாதிரி எழுதினாள், எந்த வகைத் தொப்பி இறுக்கமாக நிற்கும் என்று. பிள்ளை கேட்டது அதுவா, கழன்றால் என்ன ஆகும் என்றல்லவா கேட்டிருக்கிறது என்றாள் அக்கா. இரண்டு பேரும் மாற்றி மாற்றி அடித்து எழுதினார்கள்.

சோபாவில் படுத்துப் பாடப் புத்தகம் படித்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"எல்லாரும் பாப்பாங்க. அப்புறம் நீந்தப் போயிருவாங்கன்னு எழுதுங்க."

அக்கா அதை அப்படியே தட்டினாள். திருத்த ஏதாவது இருக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். சூப் ஆறுகிறது என்று சலூன்காரர் இரண்டாம் தடவை கூப்பிட்டார்.